வாட் கணக்கு கேட்பவர்களுக்கு

ஐரோப்பாவில் சைக்கிள் ரேஸ் ஓட்ட ஆசைப்படும் தம்பி, தங்கைகளிடமிருந்து அடிக்கடி ஒரே கேள்விதான் வருகிறது: "அக்கா, அங்க தாக்குப்பிடிக்க எத்தனை வாட் வேணும்?" சிலர் பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் கருவி) பதிவையே அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு, இருபது நிமிடத்துக்கு இவ்வளவு, எடை இவ்வளவு. நல்ல எண்கள்தான். என்னுடையதைவிட நல்ல எண்கள்கூட வந்திருக்கின்றன. என் எடை 54 கிலோ. ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய பவர் 240 வாட்டை ஒட்டி இருக்கும். காகிதத்தில் பார்த்தால் ஃபிளாண்டர்ஸ் கிராமப் பந்தயங்களில் நான் நடுவிலாவது முடிக்க வேண்டும். ஆனால் வந்த முதல் வசந்தம் முழுக்க எந்தப் பந்தயத்தையும் முடிக்கவே இல்லை. பின்தங்கிவிட்டேன் என்று பாதியிலேயே நடுவர் கையைக் காட்டி இறக்கிவிட்டுவிடுவார்.

ஏன் என்று புரிய, இங்கே பந்தயம் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஃபிளாண்டர்ஸ் என்பது பெல்ஜியத்தின் வடபாதி. ஊர்த் திருவிழாவை ஒட்டி நடக்கும் பந்தயத்தை இங்கே கெர்மிஸ் என்கிறார்கள். ஊரைச் சுற்றி ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரை ஒரு வளையம். அதையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஏதோ ஒரு கஃபேயின் பின்பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். லைசென்ஸைக் கொடுத்து நம்பரை வாங்கி, முதுகில் ஊக்கால் குத்திக்கொண்டு, கிளம்ப வேண்டியதுதான். மலை இல்லை, பெரிய மேடுகூட இல்லை. பாதையைப் பார்த்தவுடன் இது சுலபம் என்றுதான் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு கிலோமீட்டர் வளையம், பன்னிரண்டு சுற்று, ஒரு சுற்றுக்கு எட்டுத் திருப்பம் என்றால் மொத்தம் 96 திருப்பங்கள். கூட்டத்தின் முன்வரிசையில் இருப்பவர்கள் திருப்பத்தில் பிரேக்கைத் தொடாமலேயே சாய்ந்து போய்விடுவார்கள். பத்தாவது வரிசை கொஞ்சம் பிரேக் பிடிக்கும். கடைசி வரிசை கிட்டத்தட்ட நின்றே விடும். அது திருப்பத்தைத் தாண்டும்போது முன்வரிசை ஏற்கெனவே முழு வேகத்தில் ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அந்த இடைவெளியை மூட ஒரு ஸ்பிரின்ட். அது முடிவதற்குள் அடுத்த திருப்பம். முன்னால் இருப்பவள் ஒரே சீரான உழைப்பில் போகும் அதே பந்தயத்தில், பின்னால் இருக்கும் நான் 500 வாட், சுழியம், மறுபடி 600 வாட், சுழியம் என்று ஓட்டிக்கொண்டிருப்பேன். சராசரியைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கால்களுக்குத் தெரியும்.

கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டால் காற்று படாதே என்று கேட்கலாம். அது உண்மைதான். 2018-ல் பெர்ட் பிளோக்கன் என்ற காற்றியக்க ஆய்வாளரின் குழு 121 பேர் கொண்ட பெலோட்டானை (பந்தயக் கூட்டத்தை) கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் சோதித்துப் பார்த்தது. தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றின் எதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம்தான் கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவர்களுக்குப் படுகிறது என்று கண்டார்கள். இதைப் படித்துவிட்டுத்தான் நானும் பின்னால் போய் நிம்மதியாக உட்கார்ந்தேன். ஆனால் சோதனையில் இருந்த அந்தக் கூட்டம் நேர்கோட்டில், ஒரே வேகத்தில் போகிறது. கெர்மிஸில் நேர்கோடு என்பதே அபூர்வம்.

ஆக, எத்தனை வாட் என்பதைவிட எத்தனையாவது ஆள் என்பதுதான் இங்கே கேள்வி. இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். செய்வதற்குத்தான் காலம் பிடிக்கிறது. கூட்டத்தில் இருக்கும் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே நாம் விடாமல் முன்னேறிக்கொண்டிருக்க வேண்டும். ஏனென்றால் இரண்டு பக்கமும் ஆட்கள் புகுந்து முன்னே போய்க்கொண்டே இருப்பார்கள். சும்மா இருந்தால் இரண்டு நிமிடத்தில் கடைசி வரிசையில் இருப்போம். இங்கே என்னோடு ஒரே வீட்டில் தங்கி ரேஸ் ஓட்டும் அயர்லாந்துக்காரி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். எந்த இடத்தில் முன்னேற வேண்டும் என்பதையும் அவள்தான் காட்டினாள்: திருப்பம் வருவதற்கு இருநூறு மீட்டர் முன்னால், எல்லோரும் கொஞ்சம் மூச்சு வாங்கும் நொடியில், உள்பக்கமாக. தோள் தோளோடு உரசும். ஹேண்டில்பார் இன்னொருத்தியின் இடுப்பில் படும். திட்டு விழும். என்ன மொழியில் என்று தெரியாதது ஒரு வசதி.

ஊரில் தனியாகவும் நாலைந்து பேரோடும் பயிற்சி எடுத்து வளர்ந்தவர்களுக்கு இந்த உரசல் பெரிய அதிர்ச்சி. இங்குள்ள பெண்கள் எட்டு, பத்து வயதிலிருந்து இப்படி இடித்துக்கொண்டு ஓட்டியவர்கள். முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்கள் யோசிப்பதே இல்லை. நாங்கள் புல்வெளியில் மெதுவாகச் சைக்கிளை ஓட்டியபடி ஒருவரையொருவர் தோளால் தள்ளிப் பழகினோம். விழுந்தால் புல்தானே. பார்ப்பவர்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். எனக்கு அந்த வருடம் செய்த எல்லா இன்டர்வெல் (வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும்) பயிற்சிகளையும்விட இதுதான் உதவியது.

அப்புறம் காற்று. இங்கே மழையைத் திட்டுகிறவர்கள் புதியவர்கள். பழகியவர்கள் காற்றைத்தான் பார்ப்பார்கள். பந்தயத்துக்கு முன் எல்லோரும் கொடிக்கம்பத்தை நிமிர்ந்து பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். எதிர்காற்று பயமில்லை, எல்லோரும் மெதுவாகத்தான் போக முடியும். பக்கக்காற்றுதான் ஆளைக் கொல்லும். இடப்பக்கத்திலிருந்து காற்று அடித்தால், முதல் ஆள் சாலையின் இடது ஓரத்துக்குப் போய்விடுவாள். அடுத்தவள் அவளுக்குச் சற்றுப் பின்னால், சற்று வலப்பக்கம். இப்படியே சாய்வாக ஒரு வரிசை, சாலையின் வலது விளிம்பு வரை. சாலை அகலத்தைப் பொறுத்து பத்துப் பேரோ, பதினைந்து பேரோ அந்த மறைவில் இருக்கலாம். பதினாறாவது ஆளுக்கு மறைவே கிடையாது. வலது ஓரக் கோட்டில், சாக்கடை மூடிகளின் மேல், முன்னால் இருப்பவளின் சக்கரத்தைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டு போக வேண்டும். அவளுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் அதே கோட்டில். அவர்களில் ஒருத்திக்குக் கால் விட்டுப்போனால் அவளுக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் பந்தயம் முடிந்தது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஓரத்தில் தொங்குவது இல்லை. பின்னால் இருப்பவர்கள் சேர்ந்து இரண்டாவது சாய்வு வரிசையைப் போட வேண்டும். யாராவது ஒருத்தி முதலில் காற்றுக்குள் வந்து அதைத் தொடங்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும், ஆனால் நாடித்துடிப்பு 190-ல் இருக்கும்போது யாரும் அந்த ஒருத்தியாக இருக்க விரும்புவதில்லை. மேற்கு ஃபிளாண்டர்ஸில் கடலை ஒட்டி தெ மூரன் என்று ஒரு தாழ்நிலம் உண்டு. மரம் இல்லை, வீடு இல்லை, சாலையின் இரண்டு பக்கமும் வாய்க்கால். 2015 கென்ட்–வேவல்கெம் பந்தயத்தில் அடித்த காற்றில் ஜெரைன்ட் தாமஸ் சைக்கிளோடு சாலையோரப் பள்ளத்துக்குள் போய் விழுந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். டூர் தெ பிரான்ஸை வென்ற ஆள் அவர். அவருக்கே அந்தக் கதி என்றால் 54 கிலோ எனக்கு என்ன ஆகும்?

பெரிய பந்தயங்களில் வரும் கல் பதித்த மேடுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டர்பெர்க் என்ற மேடு வெறும் 360 மீட்டர்தான், ஆனால் சரிவு 20 சதவீதம் வரை போகும். பந்தயம் தன் வீட்டுப் பக்கமும் வர வேண்டும் என்று ஒரு விவசாயி ஆசைப்பட்டுக் கல் பதித்த சாலை அது. 1986-ல் ஃபிளாண்டர்ஸ் டூர் என்ற பெரிய பந்தயத்தில் சேர்ந்தது. (ஆசைப்பட்டவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்று சொன்னால் அது பொய்.) ஈரமாக இருந்தால் எழுந்து மிதிக்க முடியாது, பின்சக்கரம் வழுக்கும். முன்னால் ஒருத்தி காலை ஊன்றிவிட்டால் பின்னால் வருகிற எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதனால் உண்மையான சண்டை மேட்டில் நடப்பதில்லை; அதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், அந்தக் குறுகிய சாலைக்குள் யார் முதலில் நுழைவது என்பதில் நடக்கிறது. மறுபடியும் அதே கதை.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஜூனியர் என்பது 17, 18 வயது. ஆண்களுக்கு அதற்கு மேல் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவு பல காலமாக இருக்கிறது. தனிப் பந்தயங்கள், தனி அணிகள், தோற்றுப் பழக நாலு வருடம். பெண்களுக்குப் பெரும்பாலும் 19 வயதானவுடன் நேராக எலீட், அதாவது பெரியவர்களின் உச்சப் பிரிவு. போன வருடம் ஜூனியராக 70 கிலோமீட்டர் ஓட்டியவள், இந்த வருடம் உலக டூர் (மிக உயர்ந்த நிலை) அணியில் முழுநேரச் சம்பளம் வாங்குகிறவளோடு ஒரே கோட்டில் நிற்பாள். உலக சாம்பியன்ஷிப்பில்கூட 2022 முதல் 2024 வரை 23 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சாலைப் பந்தயப் பட்டத்தை எலீட் பந்தயத்துக்குள்ளேயே வைத்துத்தான் கொடுத்தார்கள். தனிப் பந்தயம் முதன்முதலாக 2025-ல், ருவாண்டாவின் கிகாலியில்தான் நடந்தது. 2020-ல் பெண்கள் உலக டூர் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது பெரிய விஷயம். அதற்குக் கீழே கான்டினென்டல் அணிகளுக்கு யூசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) அப்படி எதுவும் விதிக்கவில்லை. என்னிடம் பேசிக்கொண்டிருந்த அப்படி ஒரு அணி, சீசன் தொடங்கும் நேரத்தில் சத்தமில்லாமல் கலைந்துபோனது. ஜெர்சி அளவெல்லாம் கேட்டு வாங்கியிருந்தார்கள். இப்போது ஒரு உள்ளூர் கிளப்புக்காக ஓட்டுகிறேன். கிட் (பந்தய உடை) கொடுக்கிறார்கள், பந்தயத்துக்கு வேனில் கூட்டிப்போகிறார்கள், டயர் கிழிந்தால் டயர் தருகிறார்கள். சம்பளம் இல்லை.

சரி, பந்தயம் இல்லாத நாட்கள்? படுத்திருப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் மூன்று மணி நேரம் ஷெல்ட் நதிக்கரைப் பாதையில் மெதுவாக ஓட்டிவிட்டு வந்தால், மீதி நாள் முழுக்கக் காலை நீட்டிப் படுத்திருப்பதுதான் வேலை. அம்மா வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் நான் கட்டிலில்தான் இருப்பேன். "என்னடி, இப்பவும் படுத்துதான் கிடக்கியா? இதுக்கா அவ்வளவு தூரம் போனே?" என்பார். ஆமாம், இதற்கும்தான். பயிற்சியில் உடம்பு உடைகிறது, ஓய்வில்தான் கட்டிக்கொள்கிறது. இதை அம்மாவுக்குப் புரியவைக்க முடிந்ததே இல்லை.

அந்த வெறுமை பழகாதவர்களை வாட்டிவிடும். சுற்றிப் பார்க்கலாம் என்றால் நடப்பதே காலுக்குக் கேடு என்று பயம். வீட்டில் ஐந்து பேர், நாலு நாடு, ஒரு வாஷிங் மெஷின். சேறு படிந்த கிட் யாருடையது முதலில் என்பதில் வரும் சண்டை, பந்தயத்தில் வரும் சண்டையைவிடக் கொஞ்சம் நாகரிகமாக நடக்கும், அவ்வளவுதான். பாதை தெரியாத கவலை மட்டும் இல்லை. சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள். 1995-ல் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கி இன்று ஃபிளாண்டர்ஸ் முழுக்கப் பரவிய ஏற்பாடு. கிளம்பும் முன் நாலைந்து எண்களை டேப்பில் எழுதி ஹேண்டில்பார் தண்டில் ஒட்டிக்கொண்டால் போதும். குழுவாகப் போவதானால் 15 பேராவது சேர்ந்து போவது நல்லது. அப்போது சைக்கிள் பாதையை விட்டுச் சாலையிலேயே இருவர் இருவராகப் போகச் சட்டம் அனுமதிக்கிறது. குறைந்தால் பாதைக்குள் போக வேண்டும். அங்கே குப்பைத்தொட்டி, குழந்தை, நாய் எல்லாம் இருக்கும்.

சாப்பாடு விஷயத்தில் தங்கைகளுக்கு மட்டும் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இங்கே வந்தவுடன் கண்ணில் படுவது ஒல்லியான பெண்கள்தான். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது காதில் ஓதுவார்கள். பந்தயத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளே போக வேண்டும் என்பதுதான் இன்றைய பயிற்சியாளர்களின் கணக்கு. அதற்கும் மேலே வயிற்றைப் பழக்குகிறவர்களும் உண்டு. ஓட்டும்போது பட்டினி, ஓட்டி முடித்தும் பட்டினி என்றிருந்தால் உடம்பு ஒவ்வொரு விளக்காக அணைக்கத் தொடங்கிவிடும். மாதவிடாய் தள்ளிப்போவது, எலும்பு பலவீனமாவது, ஆறாத காய்ச்சல், சளி. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. மாதவிடாய் நின்றுபோனதை நன்றாகப் பயிற்சி எடுப்பதன் அடையாளம் என்று பெருமையாகச் சொன்ன ஒருத்தியை எனக்குத் தெரியும். ஒரு சாதாரண வழுக்கலில் விழுந்து அவள் இடுப்பெலும்பு உடைந்தது. மூன்று மாதம் தள்ளினால் உடனே மருத்துவரிடம் போங்கள். பயிற்சியாளர் ஆண், சொல்லக் கூச்சம் என்றால் அவரிடம் சொல்லாமலேயே போங்கள்.

விழுவதைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். தோல் உரிவது சாதாரணம். அன்றிரவு படுக்கை விரிப்பு காயத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஈரப்பதம் காக்கும் பிளாஸ்டர் எப்போதும் பையில் இருக்கட்டும். வலிமாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. விழுந்தவர்களுக்கு மருத்துவமனையில் சாதாரணமாகக் கொடுக்கும் ட்ராமடாலை யூசிஐ 2019-லிருந்தே பந்தயத்தில் தடை செய்திருக்கிறது. 2024 முதல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் பட்டியலிலும் அது உண்டு. உள்ளே போனது எப்படி என்று நீங்கள் என்ன காரணம் சொன்னாலும் பொறுப்பு உங்களுடையதுதான். கிராமப் பந்தயத்திலும் பரிசோதனைக்காரர்கள் வந்து நிற்பார்கள். புரதப் பொடி, நண்பர் கொடுத்த மாத்திரை எதுவானாலும் இதே கதைதான்.

தோல் உரிவதற்கு மேல் என்ன நடக்கலாம் என்பதை 2024 செப்டம்பரில் பார்த்தோம். ஜூரிக் உலக சாம்பியன்ஷிப்பின் ஜூனியர் பெண்கள் பந்தயத்தில், மழையில், மரங்கள் அடர்ந்த ஒரு பகுதியில் சுவிட்சர்லாந்தின் மூரியல் ஃபுரர் விழுந்தாள், மறுநாள் இறந்துபோனாள். 18 வயது. அதன்பிறகுதான் ஒவ்வொரு சைக்கிளிலும் ஜிபிஎஸ் கருவி பொருத்தும் பேச்சு வேகம் பிடித்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பயிற்சிக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்தே போனோம், ஒருத்தி பின்தங்கினால் நின்று காத்திருந்தோம்.

கடைசியாக, யாரும் கேட்காத ஆனால் எல்லோரையும் தடுத்து நிறுத்தும் விஷயம்: காகிதங்கள். உங்கள் நாட்டு ஃபெடரேஷன் கொடுக்கும் லைசென்ஸ் மட்டும் போதாது. வெளிநாட்டில் ஓட்டலாம் என்று அவர்கள் எழுதித் தரும் அனுமதிக் கடிதமும் வேண்டும். சீசன் தேதிகளோடு, முத்திரையோடு, ஆங்கிலத்தில். இதை விமான டிக்கெட்டுக்கு முன்னால் வாங்குங்கள். காப்பீட்டில் பந்தய விபத்து அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீடு என்று விற்கப்படும் பலவற்றில் அது இருக்காது. அடுத்து விசா. குறுகிய காலத் தங்கல் என்றால் ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) முழுக்கச் சேர்த்து எந்த 180 நாளிலும் 90 நாள்தான். பிரான்ஸில் ஒரு வாரம் ஓட்டினாலும் அது இந்தக் கணக்கில்தான் போகும். அதற்கு மேல் இருக்க வேண்டுமென்றால் நீண்ட கால விசாவுக்கு ஒரு அணியோ படிப்போ கையில் இருக்க வேண்டும்.

அந்த 90 நாளை எப்போது செலவழிப்பது என்பதில் என் கருத்து தெளிவானது. டிவியில் பார்த்த ஆசையில் மார்ச்சில் வராதீர்கள். குளிர், பக்கக்காற்று, தொழில்முறை அணிகள் எல்லாம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. முதல் மாதம் சளியிலேயே போய்விடும். மே நடுவில் வாருங்கள். கெர்மிஸ்கள் அப்போதுதான் நிரம்பத் தொடங்கும். வாரத்துக்கு இரண்டு ஓட்டலாம், சாலை காய்ந்திருக்கும், இரவு பத்து மணி வரை வெளிச்சம். ஆகஸ்ட்டில் திரும்புங்கள். அதற்கு மேல் இருந்தால் சைக்ளோகிராஸ் தொடங்கிவிடும், சேற்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அதில் ஆசை இருப்பவர்கள் வேறு யாரிடமாவது கேளுங்கள், நான் அந்தப் பக்கம் போனதில்லை.